காலையில் ஒரு மூலை இறங்கி நிற்கும் எஸ்யூவி: மாட்யூல் மாற்றுவதற்கு முன்னால்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். எட்டு வருடம் ஓடிய சொகுசு எஸ்யூவி. காலையில் முன்பக்க இடது மூலை இறங்கி நிற்கிறது. ஸ்டார்ட் செய்ததும் ஏபிஎஸ், ஏர் சஸ்பென்ஷன், நாலு வீல் டிரைவ், கியர்பாக்ஸ் என்று ஐந்தாறு எச்சரிக்கைகள் வரிசையாக வருகின்றன. கொஞ்ச தூரம் ஓடினால் பாதி மறைந்துவிடுகின்றன. இரண்டு நாள் சும்மா நிறுத்தினால் செல்ஃப் எடுப்பதில்லை. ஸ்கேன் செய்து பார்த்தவர்கள் மூன்று மாட்யூல் (வண்டிக்குள் ஒவ்வொரு வேலையையும் கவனிக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். மூன்று மாட்யூலும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே நேரத்தில் போவது ரொம்ப அபூர்வம். மூன்றுக்கும் பொதுவாக இருக்கும் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேட ஆரம்பியுங்கள். கரண்ட், எர்த், மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் வயர், உள்ளே புகுந்த தண்ணீர். இந்த நாலில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். முதல் மூன்றைப் பார்க்கப் பெரும்பாலும் ஒரு மல்டிமீட்டர் போதும், தண்ணீருக்குக் கையே போதும். ஸ்கேனர் காட்டும் கோடு (பிழைக் குறியீடு) எந்த சர்க்யூட்டில் தகராறு என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பார்ட்டை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை, அதைச் சொல்வது ஸ்கேனர் பிடித்திருப்பவர்.

முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், கதவைத் திறப்பதற்கு முன்பே அளக்க முடிந்தால் நல்லது. நல்ல ஏஜிஎம் பேட்டரி (அமிலம் கண்ணாடியிழை விரிப்பில் ஊறியிருக்கும் வகை) 12.8 வோல்ட் பக்கம் காட்டும், சாதாரண பேட்டரி 12.6. மீட்டரில் 12.2 வந்தால் பாதி காலி, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய முழுதும் காலி. அப்புறம் மீட்டரை எடுக்காமல் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். அந்த இரண்டு மூன்று வினாடியில் வோல்டேஜ் பள்ளத்தில் விழும்போது ஒவ்வொரு மாட்யூலும் ஒரு கோடு பதிவு செய்துகொள்கிறது. ஓடியதும் பாதி எச்சரிக்கைகள் மறைந்துவிடுகின்றன என்கிறீர்களே, அதற்கு இதுவே காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.8 வரை இருக்க வேண்டும். ஆனால் இந்த ரக வண்டிகளில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை ஒரு கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டி, பேட்டரி நிறைந்திருந்தால் சார்ஜைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் மீட்டரில் 12.9-ஐப் பார்த்ததுமே ஆல்டர்னேட்டர் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர், ஏசி புளோயர் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

பேட்டரி மாற்ற வேண்டியிருந்தால் இரண்டு விஷயம். ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம்தான் வைக்க வேண்டும். பிஎம்டபிள்யூ, ஆடி போன்ற பல வண்டிகளில் புது பேட்டரி வைத்ததை ஸ்கேனர் மூலம் வண்டிக்குத் தெரியப்படுத்தவும் வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்குக் கொடுத்துவந்த அதே கணக்கில் புதியதற்கும் சார்ஜ் கொடுத்து அதன் ஆயுளைக் குறைத்துவிடும். சில மாடல்களில் இரண்டாவதாக ஒரு சின்ன பேட்டரியும் ஒளிந்திருக்கும். பெரியதை மட்டும் மாற்றிவிட்டு, கோளாறு போகவில்லையே என்று தலையைச் சொறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆனாலும் இரண்டு நாளில் காலியாகிறது என்றால், நிறுத்திய பிறகும் யாரோ கரண்ட் குடிக்கிறார்கள். பூட்டிய வண்டியில் மாட்யூல்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும்; முழுதாகத் தூங்க அரைமணி நேரம், சில வண்டிகளில் அதற்கு மேலும் ஆகும். தூங்கிய பிறகு 50 மில்லிஆம்புக்குள் இழுத்தால் சரி. அது ஒரு நாளைக்கு 1.2 ஆம்ப்-மணிதான், 90 ஆம்ப்-மணி பேட்டரிக்கு ஒன்றுமே இல்லை. அதே இழுவை 1 ஆம்பாக இருந்தால் ஒரு நாளைக்கு 24 போகும், இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலி. நீங்கள் சொல்லும் இரண்டு நாள் கணக்கு ஏறக்குறைய இதோடு ஒத்துப்போகிறது.

இதைப் பிடிக்கும் விதம்: பானெட்டையும் டிரைவர் கதவையும் திறந்தே வைத்து, அவற்றின் பூட்டுக் கொக்கியை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிவிடுங்கள். வண்டி தான் மூடியிருப்பதாக நம்பிக்கொள்ளும். சாவியை வண்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், கீலெஸ் சாவி அருகில் இருந்தால் சில வண்டிகள் தூங்கவே தூங்காது. ஒரு மணி நேரம் கழித்து, பேட்டரி எர்த் கேபிளில் டிசி கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிக் கவ்விக் கரண்டை அளப்பது) மாட்டிப் பாருங்கள். இழுவை இருந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பிக்காதீர்கள். பிடுங்கித் திரும்பச் சொருகும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு மாட்யூல் விழித்துக்கொள்ளும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஃப்யூஸின் தலையில் இருக்கும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். கரண்ட் ஓடாத ஃப்யூஸில் சுழியம் காட்டும். ஓடுகிற ஃப்யூஸில் ஒரு சின்ன எண் வரும், அந்த வழியே போய்ப் பாருங்கள். எந்த ஃப்யூஸிலும் ஒன்றும் இல்லை, ஆனால் கிளாம்ப் மீட்டர் மட்டும் இழுவை காட்டுகிறது என்றால் ஆல்டர்னேட்டருக்குள் கரண்ட் திரும்பி ஓடாமல் தடுக்கும் டயோடைச் சந்தேகியுங்கள். அதன் தடித்த வயர் பெரும்பாலும் இந்தச் சின்ன ஃப்யூஸ்கள் வழியாகப் போவதில்லை.

அடுத்தது எர்த். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்று இருக்கும். அதில் களிம்பு ஏறியோ, போல்ட்டுக்கு அடியில் துருப்பிடித்தோ இருந்தால் பேய் பிடித்த மாதிரி கோளாறுகள் வரும். இதை ஓம் மீட்டரில் பார்ப்பது வீண் வேலை. ஒரே ஒரு இழை மிச்சமிருந்தால்கூட மீட்டர் நல்லது என்றுதான் சொல்லும், ஆனால் செல்ஃப் கேட்கும் கரண்டை அந்த ஒற்றை இழை எங்கே தாங்கும்? அதனால் வேலை செய்யும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறு முனை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான உலோகத்தில். இப்போது செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட் பக்கம் வந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையைக் கழற்றி, உரசிச் சுத்தம் செய்து இறுக்குங்கள், இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். இருப்பதிலேயே மலிவான ரிப்பேர் இதுதான், ஆனால் பலருக்குக் கடைசியில்தான் ஞாபகம் வரும்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் விலை உயர்ந்த வண்டிகளை அதிகம் கொல்வது இதுதான் என்பது என் அனுபவம். பெரிய சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கண்ணாடியைத் தாண்டி மழைத்தண்ணீர் அதில் விழுவது சகஜம்தான், டிசைனே அப்படித்தான். மூலைகளில் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாக அது கீழே இறங்கி வெளியே போய்விடும். அந்தக் குழாயில் தூசியும் இலைத்துகளும் சேர்ந்து சேறாகி அடைத்தால், தண்ணீர் கூரை விளிம்பு வழியாகத் தூணுக்குள் இறங்கிக் கால் வைக்கும் இடத்துக்கு வந்துவிடும். மாட்யூல்களையும் வயர் இணைப்புகளையும் எங்கே வைத்திருக்கிறார்கள்? பல வண்டிகளில் அதே இடத்தில், கார்பெட்டுக்கு அடியில்.

ஒருமுறை என்னிடம் வந்த வண்டியில் டிக்கி தானாகத் திறந்துகொள்ளும், ஒரு பக்க ஜன்னல் இறங்காது, பேட்டரி நிற்காது. அதற்குள் வேறொரு இடத்தில் இரண்டு மாட்யூல் மாற்றி முடித்திருந்தார்கள். கார்பெட்டைத் தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. சந்தேகம் தீராமல் முட்டியை மடக்கி ஓங்கி அழுத்தினேன். விரல் இடுக்குகளில் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்தது. கார்பெட்டுக்கு அடியில் கை அகலத் தடிமனில் ஸ்பாஞ்ச். அது தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தது. கார்பெட்டைத் தூக்கினால், பின்கள் பச்சையாகக் களிம்பேறிய ஒரு கனெக்டர். இரண்டு பின்களை மாற்றி, ஸ்பாஞ்சை வெளியே எடுத்து நாள்கணக்கில் காயவைத்தோம். வண்டி சரியாகிவிட்டது.

நீங்களும் நான்கு கால்மிதிப் பள்ளங்களிலும், டிக்கியில் ஸ்டெப்னி அல்லது பேட்டரி இருக்கும் குழியிலும் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். அப்புறம் சன்ரூஃபைத் திறந்து மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் அது சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் வளையக்கூடிய நைலான் நரம்பை உள்ளே விட்டுக் குத்துங்கள். காற்றுக் குழாயை வைத்து ஓங்கி அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுவிட்டால் கூரையையே பிரிக்க வேண்டி வரும். வைப்பருக்கு அடியில் இலை சேரும் பள்ளத்தையும் சுத்தம் செய்யுங்கள். உள்ளே நனைந்திருந்து, தொட்டால் பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது மழைத்தண்ணீர் இல்லை, ஹீட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட்.

டிக்கிக் கதவில் ஒரு ரப்பர் குழாய்க்குள் வயர்க்கட்டு போகும். வருடக்கணக்கில் மடங்கி மடங்கி அந்த வயர்கள் உள்ளே அறுந்துவிடும். ரிவர்ஸ் கேமரா விட்டுவிட்டு வருவது, நம்பர் பிளேட் விளக்கு போவது, டிக்கி பட்டன் சில நேரம் மட்டும் கேட்பது எல்லாம் இதனால் வரலாம். ரப்பரைப் பின்னுக்குத் தள்ளி ஒவ்வொரு வயரையும் விரலில் பிடித்து லேசாக இழுங்கள். வெளித்தோல் முழுதாகத் தெரியும், ஆனால் ஒரு வயர் மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீளும். உள்ளே செம்பு இல்லை என்று அர்த்தம்.

சரி, இறங்கி நிற்கும் மூலைக்கு வருவோம். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர் பை இருக்கிறது. வண்டி ஏறி இறங்கும்போது அதன் அடிப்பக்கம் மடிந்து உருளும். எட்டு வருடத்தில் அந்த மடிப்பில் நுண்ணிய வெடிப்புகள் வருவது இயல்பு. வண்டியை நன்றாக உயர்த்தி, ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்து மடிப்பிலும், மேலே காற்றுக் குழாய் சேரும் இடத்திலும் அடியுங்கள். சட்டென்று குமிழி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ராத்திரி முழுக்க இறங்கும் ஒழுக்கு மெதுவானது, இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் கடுகு கடுகாக வெள்ளை நுரை கட்டும்.

இதில் ஒரு ஏமாற்று வித்தை உண்டு. பல வண்டிகளில், நிறுத்திய பிறகும் சஸ்பென்ஷன் மாட்யூல் இடையிடையே விழித்து மட்டத்தைச் சரிபார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால் மற்ற மூலைகளிலிருந்தும் காற்றை விட்டுச் சமமாக்கும். காலையில் பார்த்தால் வண்டியே படுத்திருக்கும், எந்த மூலை குற்றவாளி என்று தெரியாது. அதனால் ராத்திரி நிறுத்தும்போது நான்கு சக்கர வளைவின் உயரத்தையும் டேப்பால் அளந்து எழுதிவிட்டு, சஸ்பென்ஷன் ஃப்யூஸைக் கழற்றி வையுங்கள். காலையில் எது மட்டும் இறங்கியிருக்கிறதோ அதுதான். ஒரே ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்கினால் பையைவிட, பைகளுக்குக் காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக்கைச் சந்தேகிப்பது நல்லது.

ஒழுக்கோடு ஓட்டினால், பைகளுக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சூடேறிச் சாகும். கம்ப்ரஸரை மட்டும் மாற்றி ஒழுக்கை விட்டால் புதியதும் அதே வழியில் போகும். மாற்றும்போது அதை ஆன்-ஆஃப் செய்யும் ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிப் பேட்டரியையும் குடித்துவிடும். உங்கள் வண்டியில் மூலை இறங்குவதும் பேட்டரி காலியாவதும் தனித்தனிக் கோளாறாக இல்லாமல் இந்த ஒரே கதையாக இருக்கலாம். காற்று ஒழுகுகிறது, மாட்யூல் அடிக்கடி விழிக்கிறது, பேட்டரி இறங்குகிறது, காலையில் எல்லா விளக்கும் எரிகிறது. அதனால்தான் முதலில் ஃப்யூஸைக் கழற்றி ஓர் இரவு விடச் சொல்கிறேன், ஒரே சோதனையில் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். காற்றுப் பையின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ விடக்கூடாது. பை வெடித்தாலோ வால்வு திறந்தாலோ இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடை அப்படியே இறங்கும். மெனுவில் ஜாக் மோடு (ஜாக்கியில் தூக்கும்போது சஸ்பென்ஷன் தானாக அசையாமல் நிறுத்துவது) இருந்தால் அதைப் போட்டு, ஸ்டாண்டு வைத்த பிறகே கீழே போங்கள்.

ஏபிஎஸ், டிராக்‌ஷன், நாலு வீல் டிரைவ் விளக்குகள் ஒன்றாக வருவதற்கு ஒரே ஒரு சக்கர வேக சென்சார் போதும், ஏனென்றால் மூன்றும் அதே தகவலைத்தான் நம்பியிருக்கின்றன. சி0035 என்று கோடு வந்தால் முன் இடது சக்கரம். ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் மெதுவாக ஓட்ட, இன்னொருவர் பார்த்தால் எது தடுமாறுகிறது என்று தெரியும். சென்சாரையும் அதன் வயரையும் பார்த்த பிறகு வீல் பேரிங்கையும் ஆட்டிப் பாருங்கள், பல வண்டிகளில் சென்சார் படிக்கும் காந்த வளையம் அதில்தான் இருக்கிறது. இன்னொரு மலிவான குற்றவாளி பிரேக் விளக்கு சுவிட்ச். அது தகராறு செய்தால் கியர் ‘பி’-யிலிருந்து வராது, க்ரூஸ் வேலை செய்யாது, ஸ்டெபிலிட்டி விளக்கு எரியும். எல்லாம் சேர்ந்தால் பெரிய விஷயமாகத் தெரியும், மாற்ற வேண்டியது ஒரு சின்ன சுவிட்ச்.

‘யு’ எழுத்தில் தொடங்கும் கோடுகள் வந்தால் மாட்யூல்கள் பேசிக்கொள்ளவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கேன் வயர் இரண்டுக்கும் நடுவில் ஓம் அளந்தால் சுமார் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை எங்கோ அறுந்திருக்கிறது. சுழியத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புது வண்டிகளில் ஸ்கேன் சாக்கெட்டுக்குப் பின்னால், தகவலை நடுவில் நின்று கடத்தும் ஒரு கேட்வே மாட்யூல் இருப்பதால் சாக்கெட்டில் அளப்பது எல்லாவற்றையும் காட்டாது, சம்பந்தப்பட்ட மாட்யூலின் கனெக்டரிலேயே அளக்க வேண்டும்.

மெக்கானிக்கல் பக்கம் நீங்கள் அதிகம் கேட்கவில்லை, ஆனால் இந்த வயதில் பார்த்தே தீர வேண்டியவை சில உண்டு. முதலில் டயர். நாலு வீல் டிரைவில் நான்கு டயரும் ஒரே பிராண்ட், ஒரே சைஸ், தேய்மானத்தில் 2-3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு மட்டும் புதிதாகப் போட்டால் சுற்றளவு மாறும். முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த வித்தியாசத்தை ஓயாமல் சமாளித்துக் கிளட்ச்சைத் தேய்த்துக்கொள்ளும். காய்ந்த தரையில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஓட்டும்போது வண்டி பிடித்துப் பிடித்து விடுகிற மாதிரி இருந்தால் முதலில் டயரை அளந்து பாருங்கள், அப்புறம் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை மாற்றுங்கள்.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தால் நம்பாதீர்கள். பல சொகுசு எஸ்யூவிகளில் இருக்கும் 8 கியர் பெட்டியைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அளவு பார்ப்பதற்கு டிப் ஸ்டிக் கிடையாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது பார்க்க வேண்டும். சூடு கூடிய நிலையில் அளவு பார்த்து நிரப்பினால் ஆயில் குறைவாகத்தான் நிற்கும்.

கூலிங் சிஸ்டத்தில் பல பாகங்கள் பிளாஸ்டிக். சூட்டிலும் பிரஷரிலும் கிடந்து எட்டு வருடத்தில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ட்ராஃபிக்கில் மட்டும் சூடேறினால் ஃபேனைப் பாருங்கள். வேகமாக ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். வெளியே ஒழுக்கே தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால், நீல நிற டெஸ்ட் திரவத்தைக் கூலன்ட் டேங்க் வாயில் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அது மஞ்சளானால், இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு கலக்கிறது. சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது; பிரஷர் போன அந்தக் கணமே உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் அடிக்கும். கூலன்ட்டை நிறம் பார்த்து ஊற்றாதீர்கள், மேனுவலில் இருக்கும் ஸ்பெசிஃபிகேஷனைப் பாருங்கள்.

பெட்ரோல் என்றால், மிஸ் அடிக்கும்போது பி0301 வந்தால் முதல் சிலிண்டர். அதன் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள். கோடு பி0303 ஆனால் காயில் போச்சு, இடம் மாறாமல் அங்கேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர் என்று போகலாம். டீசல் என்றால், சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓட்டினால் புகை ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்து முடிக்க நேரம் கிடைக்காது. பாதியில் நின்ற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். ஏசியில் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாக வந்தால் டாஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் மடலின் மோட்டார், சில நேரம் கேஸ் குறைவு.

இனி நீங்கள் செய்ய வேண்டிய வரிசை. கோடுகளை எல்லாம் படமெடுத்து வையுங்கள். பேட்டரியை வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றுங்கள். கோடுகளை அழித்துவிட்டு இரண்டு நாள் ஓட்டித் திரும்ப ஸ்கேன் செய்யுங்கள். என் கணிப்பில் பாதிக்கு மேல் திரும்பாது. திரும்பி வந்தவற்றை மட்டும் மேலே சொன்னபடி பாருங்கள். அவ்வளவும் பார்த்த பிறகு ஒரு மாட்யூல் மிஞ்சினால், மெக்கானிக்கிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அதன் கனெக்டரில் சுமையோடு அளந்தபோது 12 வோல்ட் வருகிறதா? எர்த் நிற்கிறதா? கேன் வயரில் சிக்னல் வருகிறதா? மூன்றும் இருந்தும் அது பதில் பேசவில்லை என்றால் மாற்றலாம். பழைய வண்டியிலிருந்து கழற்றிய மாட்யூலை வாங்குவதாக இருந்தால், அதை உங்கள் வண்டியின் சேசிஸ் நம்பருக்கு மாற்றி எழுத முடியுமா என்று காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல மாட்யூல்கள் அதற்கு ஒத்துக்கொள்ளாது.